வார எக்ஸ்பைரி ஆப்ஷன்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாட்டுங்கா, செம்பூர், தாராவி, டோம்பிவிலி என்று எங்கே போனாலும் நம் ஆட்களின் மொபைலில் இன்று ஒரு ஆப்ஷன் செயின் திறந்திருக்கிறது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஆப்ஷன் என்பது ஒரு பங்கையோ குறியீட்டையோ குறித்த விலையில் (ஸ்ட்ரைக்) வாங்கும் உரிமை (கால்) அல்லது விற்கும் உரிமை (புட்). அதற்குக் கொடுக்கும் விலை பிரீமியம், அது முடியும் நாள் எக்ஸ்பைரி. விதிகளும் கட்டணங்களும் 2026 ஏப்ரல் நிலவரம். கணக்குப் போட வசதியாக நிஃப்டி 25,000-இல் இருப்பதாக எல்லா இடத்திலும் வைத்துக்கொள்கிறோம்.

வார எக்ஸ்பைரி இப்போது எதற்கெல்லாம் இருக்கிறது?

இரண்டே இரண்டுக்கு. என்.எஸ்.இ.-யில் நிஃப்டி, செவ்வாய்க்கிழமை. பி.எஸ்.இ.-யில் சென்செக்ஸ், வியாழக்கிழமை. இந்தக் கிழமைகள் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தவை. அதற்கு முந்தைய யூடியூப் வீடியோக்களில் நிஃப்டிக்கு வியாழன் என்று சொல்லியிருப்பார்கள், குழம்ப வேண்டாம்.

பேங்க் நிஃப்டியின் கடைசி வார எக்ஸ்பைரி 2024 நவம்பர் 13. ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு குறியீட்டில் மட்டுமே வார ஆப்ஷன் என்று 2024 அக்டோபர் 1-ஆம் தேதி, சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி சொன்னதும் பேங்க் நிஃப்டி, ஃபின்நிஃப்டி, மிட்கேப், பேங்கெக்ஸ் நான்கும் மாத எக்ஸ்பைரிக்குப் போய்விட்டன. ஒரு முறைக்குக் குறைந்தது வாங்க வேண்டிய எண்ணிக்கைதான் லாட். நிஃப்டி லாட் 65, சென்செக்ஸ் லாட் 20. ஒரு லாட் நிஃப்டி என்றால் 65 × 25,000, அதாவது 16.25 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சரக்கு. திரையில் தெரியும் 120 ரூபாய் பிரீமியத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த 16 லட்சம் கண்ணில் படுவதே இல்லை.

தனிப் பங்குகளுக்கு வார ஆப்ஷன் உண்டா?

கிடையாது. பங்கு ஆப்ஷன்கள் மாத எக்ஸ்பைரி மட்டும்தான். என்.எஸ்.இ.-யில் மாதத்தின் கடைசிச் செவ்வாய். ஆனால் அந்தக் கடைசி வாரத்தில் புகுந்து வார ஆப்ஷன் போலவே ஆடுபவர்கள் நிறையப் பேர். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: குறியீட்டு ஆப்ஷன் பணத்தில் தீரும், பங்கு ஆப்ஷன் பங்காகவே கைக்கு வரும். லாட் 500, ஸ்ட்ரைக் 1,400 என்றால், உள்மதிப்போடு, அதாவது பங்கு விலை ஸ்ட்ரைக்குக்கு மேலே இருக்க முடிந்த ஒரு கால் உங்களை 7 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்க வைக்கும். 6,000 ரூபாய் போட்டு வாங்கிய ஆப்ஷனுக்கு 7 லட்சம்! அதனால்தான் உள்மதிப்பு இருக்கும் ஆப்ஷனை வைத்திருப்பவரிடம் எக்ஸ்பைரிக்கு நான்கு நாள் முன்பிருந்தே டெலிவரி மார்ஜின் (ஈடாகக் கட்டும் பணம்) 10, 25, 45, 70 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். டெலிவரி எடுக்கிற எண்ணம் இல்லையென்றால் முந்தின வாரமே வெளியே வந்துவிடுங்கள்.

எவ்வளவு பணம் இருந்தால் ஆரம்பிக்கலாம்?

வாங்குவதற்குப் பிரீமியம் முழுவதும் முன்கூட்டியே கணக்கில் இருக்க வேண்டும். 120 ரூபாய் ஆப்ஷன் ஒரு லாட், 7,800 ரூபாய். துணைக்கு இன்னொரு ஆப்ஷன் வாங்காமல் ஒரு லாட் விற்க ஏறத்தாழ 2 லட்சம் மார்ஜின் கேட்கும். எக்ஸ்பைரி நாளன்று விற்றவர் மீது கூடுதலாக 2 சதவீதம், நிஃப்டியில் லாட்டுக்கு 32,500 ரூபாய். திங்கட்கிழமை மார்ஜின் சரியாக இருந்தவருக்குச் செவ்வாய் காலையில் பற்றாக்குறை காட்டுவது இதனால்தான்.

வைத்திருக்கும் பங்குகளை அடகு வைத்து மார்ஜின் எடுக்கலாம், ஆனால் ஒரு நாளைத் தாண்டி வைத்திருக்கும் பொசிஷனுக்குப் பாதி ரொக்கமாகவோ லிக்விட் ஃபண்ட் போல ரொக்கத்துக்குச் சமமானதாகவோ இருக்க வேண்டும். ஆப்ஷன் வாங்குவதற்குப் பெரும்பாலான புரோக்கர்களிடம் அடகு மார்ஜின் உதவாது. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவைத் திறக்க ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள ரசீது, ஐ.டி.ஆர்., டிமேட் இருப்பு இவற்றில் ஒன்றைக் கேட்பார்கள்.

பணம் எவ்வளவு என்பதைவிட யாருடைய பணம் என்பது முக்கியம். தங்க நகைக் கடன், சீட்டுப் பணம், பள்ளிக் கட்டணம் இவற்றுக்கு இங்கே வேலையில்லை.

நிஃப்டி நான் நினைத்தபடியே ஏறியது. என் கால் ஆப்ஷன் விலை மட்டும் இறங்கிவிட்டது. ஏன்?

எல்லாக் கேள்விகளிலும் அதிகம் வருவது இதுதான். ஆப்ஷன் விலையில் மூன்று சரக்கு கலந்திருக்கிறது: சந்தையின் திசை, மிச்சமிருக்கும் நாட்கள், எதிர்பார்க்கப்படும் ஆட்டம் (வாலட்டிலிட்டி). திசை சரியாக இருந்தும் மற்ற இரண்டும் சேர்ந்து உங்களைக் கவிழ்க்கும்.

முதலில் நாள். ஏ.டி.எம். ஆப்ஷனின், அதாவது ஸ்ட்ரைக்கும் குறியீடும் ஒரே இடத்தில் இருக்கும் ஆப்ஷனின் விலையைத் தோராயமாகக் கணிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது: 0.4 × குறியீடு × ஆண்டு வாலட்டிலிட்டி × (மிச்ச வர்த்தக நாட்கள் ÷ 252)-இன் வர்க்கமூலம். வாலட்டிலிட்டி 13 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். புதன்கிழமை காலை, ஐந்து வர்த்தக நாள் மிச்சம்: 183 ரூபாய். வியாழன் 164. வெள்ளி 142. திங்கள் 116. செவ்வாய் காலை 82. சாயங்காலம் பூஜ்யம். நிஃப்டி அசையாமல் 25,000-இலேயே நின்றால் முதல் நாள் 19 ரூபாய் கரைகிறது, திங்களன்று 34, கடைசி நாளில் மிச்சம் 82-ம். சனி ஞாயிறுக்கான கரைப்பைச் சந்தை பெரும்பாலும் வெள்ளி பிற்பகலிலேயே விலையில் கழித்துவிடும். வெள்ளி மூன்று மணிக்கு வாங்கித் திங்கள் காலை விற்கும் பழக்கம் லாபம் தராமல் போவது இதனால்.

இந்தக் கணக்குப்படி திங்கட்கிழமை வாங்கிய 25,000 கால், மறுநாள் காலை நிஃப்டி 40 புள்ளி ஏறியிருந்தாலும் நஷ்டத்திலேயே இருக்கும். 40 புள்ளி ஏற்றத்தில் ஏ.டி.எம். ஆப்ஷனுக்குக் கிடைப்பது பாதிக்குச் சற்று மேல், இருபத்து சொச்சம். கரைந்தது 34.

அடுத்தது ஆட்டம். பட்ஜெட், ரிசர்வ் வங்கியின் வட்டி அறிவிப்பு, தேர்தல் முடிவு இவற்றுக்கு முன்னால் வாலட்டிலிட்டி ஊதிப்போயிருக்கும். அது 20-இலிருந்து 14-க்கு இறங்கினால், ஐந்து நாள் மிச்சமுள்ள ஏ.டி.எம். ஆப்ஷன் 282-இலிருந்து 197-க்கு வந்துவிடும். நிஃப்டி ஒரு புள்ளிகூட அசையாமல் 85 ரூபாய் காலி. அறிவிப்பு வந்த அடுத்த நிமிடமே கால், புட் இரண்டும் சேர்ந்து விழுவதைப் பார்த்து "ஆபரேட்டர் வேலை" என்பார்கள். ஊதின விலை அடங்குகிறது, அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் ஸ்ட்ரைக்கோடு பிரீமியத்தைக் கூட்டிப் பாருங்கள். 25,000 கால் 120 ரூபாய் என்றால், எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் நிஃப்டி 25,120-ஐத் தாண்டினால்தான் பைசா. அவ்வளவு ஏறும் என்று நினைக்கிறீர்களா என்பதே கேள்வி, ஏறுமா இறங்குமா என்பதல்ல.

5 ரூபாய் ஆப்ஷன் மலிவுதானே? போனால் 325 ரூபாய்தானே போகும்?

கட்டணத்தைப் போட்டுப் பாருங்கள். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் வாங்கி விற்க 40, ஜி.எஸ்.டி. சேர்த்து 47.20. மற்ற சில்லறையும் சேர்ந்தால் 48 ரூபாய். 65-ஆல் வகுத்தால் ஒரு யூனிட்டுக்கு 74 காசு. அதாவது 5 ரூபாய்க்கு வாங்கியது 5.75-க்குப் போனால்தான் கைப்பணம் மீளும். உள்ளே நுழையும்போதே 15 சதவீதம் பின்தங்கி நிற்கிறீர்கள். இதைச் சரிக்கட்டத்தான் "பத்து லாட்டாகப் போடுவோம்" என்று தோன்றும். அங்கே 325 ரூபாய் 3,250 ஆகிறது.

120-க்கு வாங்கி 130-க்கு விற்ற ஒரு லாட்டில் லாபம் 650. இதில் புரோக்கரேஜ் 40, விற்ற பிரீமியத்தில் எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.15 சதவீதம் சுமார் 13, இரு பக்கமும் எக்ஸ்சேஞ்ச் கட்டணம் சுமார் 0.035 சதவீதம் 6, ஜி.எஸ்.டி. 8. முத்திரைத் தீர்வை காசுக் கணக்கு. மொத்தம் 67 ரூபாய். ஒரு புள்ளிக்குச் சற்று மேல். ஒரு நாளில் இருபது முறை உள்ளே வெளியே போனால் லாபமோ நஷ்டமோ, 1,300 ரூபாய் கட்டணம் மட்டும் நிச்சயம். எஸ்.டி.டி. 2024 அக்டோபர் வரை 0.0625 சதவீதமாக இருந்தது, பிறகு 0.1 ஆகி, 2026 ஏப்ரலில் 0.15 ஆகியிருக்கிறது. பழைய எக்செல் வைத்திருப்பவர்கள் அந்தக் கட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

லோக்கல் ட்ரெயினில் ஆபீஸ் போகிற நேரத்தில் மொபைலில் ட்ரேட் பண்ணலாமா?

சந்தை 9:15-க்குத் திறக்கும்போது கல்யாண், டோம்பிவிலியிலிருந்து கிளம்பியவர்கள் பாதி வழியில் இருப்பார்கள். ஒரு கை கம்பியில், ஒரு கை மொபைலில். அந்த முதல் பதினைந்து நிமிடம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இடைவெளி அகலமாக இருக்கும், சிக்னலும் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே காணாமல் போகும். ஆர்டர் போனதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அழுத்தி இரட்டை லாட் ஆவது சர்வ சாதாரணம். சுழலும் வட்டத்தைப் பார்த்தால் மீண்டும் அழுத்தாதீர்கள், ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். புரோக்கரின் டீலிங் டெஸ்க் போன் நம்பரைக் கான்டாக்டில் சேமித்து வையுங்கள். ஜூலை மழையில் கரண்டும் இன்டர்நெட்டும் சேர்ந்து போகிற நாளில் அது ஒன்றுதான் வழி.

ஆபீஸில் இறங்கிப் பத்து மணிக்கு மேல் பாருங்கள். ஒன்றும் குடி முழுகாது.

ஸ்டாப் லாஸ் போட்டேன், விலை அதைத் தாண்டிப் போயும் விற்கவில்லை. யார் தவறு?

பெரும்பாலும் லிமிட் விலையின் தவறு. ஆப்ஷனில் எஸ்.எல்.-எம். எனும், கிடைத்த விலைக்கு உடனே விற்கும் மார்க்கெட் வகை ஸ்டாப் லாஸை என்.எஸ்.இ. 2021 செப்டம்பர் 27-இல் நிறுத்திவிட்டது. இப்போது டிரிகர் (ஆர்டர் கிளம்பும் விலை), லிமிட் (அதற்குக் கீழே விற்காத விலை) என்று இரண்டு விலை கொடுத்தாக வேண்டும். 120-க்கு வாங்கிய ஆப்ஷனுக்கு டிரிகர் 80, லிமிட் 79.50 என்று ஒட்டி வைத்தால், விலை 81-இலிருந்து நேராக 76-க்குக் குதிக்கும்போது உங்கள் ஆர்டர் 79.50-இல் காத்துக்கொண்டே நிற்கும். வாங்க ஆள் இருக்காது. சாதாரண நாளில் லிமிட்டை டிரிகரிலிருந்து ஐந்தாறு சதவீதம் தள்ளி, 75 என்று வையுங்கள். எக்ஸ்பைரி நாளில் இன்னும் அகலம் வேண்டும். விற்றவருக்கு இதே கணக்கு தலைகீழ்: 60-க்கு விற்றதற்கு டிரிகர் 90, லிமிட் 97.

இரவில் நடக்கும் சம்பவத்துக்கு ஸ்டாப் லாஸ் எதுவும் செய்யாது. 2024 ஜூன் 3, திங்கட்கிழமை, கருத்துக் கணிப்பை நம்பி நிஃப்டி 3.25 சதவீதம் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் 5.9 சதவீதம் விழுந்தது. அப்படிப்பட்ட இரவைத் தாங்குவது ஹெட்ஜ், அதாவது துணைக்கு வாங்கி வைத்த ஆப்ஷன் மட்டும்தான்.

எக்ஸ்பைரி அன்று திரையில் நிஃப்டி 25,060-இல் முடிந்தது. என் 25,000 காலுக்கு 60 ரூபாய் வரவில்லையே?

தீர்வு விலை கடைசி நொடியின் விலை இல்லை. 3:00 முதல் 3:30 வரை அந்த 50 பங்குகளில் நடந்த வர்த்தகத்தின் எடையிட்ட சராசரியிலிருந்து வரும் மதிப்பு அது. எளிமைக்காக நிமிடங்களைச் சமமாக எடுத்துக்கொள்வோம். 3:25 வரை நிஃப்டி 24,990-இல் இருந்து, கடைசி ஐந்து நிமிடம் 25,060-இல் இருந்தால் சராசரி 25,001.67. உங்கள் காலுக்குக் கிடைப்பது ஒன்றே முக்கால் ரூபாய்கூட இல்லை. 3:28-க்கு "60 ரூபாய் உள்ளே இருக்கிறது, 10-க்குக் கிடைக்கிறதே" என்று அள்ளியவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில்தான் விழுகிறார்கள். 10-க்கு விற்றவருக்குக் கணக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு முன்பு நிலைமை வேறு. 2:30-க்கு மேல் ஸ்ட்ரைக்கை ஒட்டிய ஆப்ஷன் வெறிபிடித்ததுபோல் ஆடும். நிஃப்டி 24,990-இல் இருக்கும்போது 12 ரூபாயாக இருந்த கால், 40 புள்ளி ஏற்றத்தில் 35-ஐத் தொடும், திரும்பி வந்தால் 8 ஆகும். "ஹீரோ ஜீரோ" என்று பெயர் வைத்து விற்கப்படும் பாடமெல்லாம் இந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான். இதே நேரத்தில் எதிர்ப் பக்கம் இருப்பது யார் என்பதற்கு 2025 ஜூலை 3-ஆம் தேதி செபி அமெரிக்க வர்த்தக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் மீது பிறப்பித்த இடைக்கால உத்தரவைப் படிக்கலாம். எக்ஸ்பைரி நாட்களில் பங்குகளை வாங்கி விற்றுக் குறியீட்டை நகர்த்தி ஆப்ஷனில் சம்பாதித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுத்திவைக்கச் சொன்ன தொகை 4,843 கோடி. நிறுவனம் மறுத்து மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும், அந்த அளவு பணத்தோடு ஒரே மேசையில் உட்காருகிறோம் என்பது மாறாது.

அப்படியானால் விற்பதுதான் லாபமா?

அடிக்கடி ஜெயிக்கும், அவ்வப்போது மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு போகும். துணையில்லாமல் விற்பதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. ஸ்ப்ரெட்டாக, அதாவது ஒன்றை விற்று இன்னொன்றைத் துணைக்கு வாங்கிச் செய்தால் நஷ்டத்துக்கு ஒரு எல்லை கிடைக்கும்.

உதாரணம்: 24,800 புட்டை 60-க்கு விற்று, 24,600 புட்டை 25-க்கு வாங்குகிறீர்கள். கையில் வருவது 35 × 65 = 2,275. நிஃப்டி 24,600-க்குக் கீழே போனால் அதிகபட்ச நஷ்டம் 165 × 65 = 10,725. சமநிலை 24,765. மார்ஜின் 2 லட்சத்திலிருந்து சில பத்தாயிரங்களுக்கு இறங்கிவிடும். ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள்: நான்கு வாரம் முழு லாபம் எடுத்தாலும் 9,100. ஐந்தாவது வாரம் முழு நஷ்டம் வந்தால் அத்தனையும் போய்க் கைப்பணமும் கொஞ்சம் போகும். கட்டணத்தைச் சேர்க்காமலே நூற்றுக்கு 83 முறை ஜெயித்தால்தான் இது ஓடும். அதனால் எல்லை வரை காத்திராமல், கையில் வந்த பிரீமியத்தின் இரண்டு மடங்கு நஷ்டத்தில் வெளியே வருவது வழக்கம்.

போடும் வரிசையும் முக்கியம். நுழையும்போது முதலில் வாங்கும் கால், புட்டைப் போட்டுவிட்டுப் பிறகு விற்க வேண்டும், அப்போதுதான் குறைந்த மார்ஜின் கிடைக்கும். வெளியேறும்போது விற்றதை முதலில் மூட வேண்டும். மாற்றிச் செய்தால் ஹெட்ஜ் போன அந்த நொடியில் முழு மார்ஜின் கேட்டு, பற்றாக்குறைக்கு அபராதமும் வரும். இந்த வாரத்தை விற்று அடுத்த வாரத்தை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு, 2025 பிப்ரவரியிலிருந்து எக்ஸ்பைரி நாளன்று அந்தக் காலண்டர் ஸ்ப்ரெட் சலுகை கிடையாது. முந்தின நாளே ஒரு முடிவெடுங்கள்.

எக்ஸ்பைரியில் விற்காமல் விட்டுவிட்டால்?

குறியீட்டு ஆப்ஷனுக்கு உள்மதிப்பு இருந்தால் தானாகப் பணம் வரும், அந்த உள்மதிப்பில் 0.15 சதவீதம் எஸ்.டி.டி. பிடிப்பார்கள். உள்மதிப்பு இல்லையென்றால் பூஜ்யம், கட்டணமும் இல்லை. 5 காசுக்கு வந்துவிட்ட ஒரு லாட்டை விற்க ஓடாதீர்கள். கிடைப்பது 3.25 ரூபாய், புரோக்கரேஜ் 23.60.

டெலிகிராம் குழுவில் ஒருவர் தினமும் ஸ்க்ரீன்ஷாட் போடுகிறார். சேரலாமா?

முதலில் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். ரிசர்ச் அனலிஸ்ட் என்றால் ஐ.என்.எச். என்றும், முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்றும் தொடங்கும். செபி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். நிச்சய லாபம் என்று ஒருவர் சொன்னால் பதிவு இருந்தாலும் விலகுங்கள், அப்படிச் சொல்லவே அனுமதி இல்லை. லாக்-இன், ஓ.டி.பி. கொடுத்து "அவரே பார்த்துக்கொள்வார்" என்பது கூடவே கூடாது. தமிழில் பேசுகிறார், நம்ம ஊர்க்காரர் என்பதெல்லாம் சான்றிதழ் ஆகாது. பணம் கைமாறி ஏமாந்துவிட்டால் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். புரோக்கர் மீதான புகாருக்கு முதலில் புரோக்கர், பிறகு செபியின் ஸ்கோர்ஸ் தளம், அதற்கும் மேல் ஆன்லைனில் தகராறு தீர்க்கும் தளமான ஸ்மார்ட் ஓ.டி.ஆர்.

நம் பண்டிகைக்குச் சந்தை லீவா?

பொங்கலுக்கு லீவு என்று தனியாகக் கிடையாது. தீபாவளி இன்னும் சிக்கல், ஏனென்றால் இங்கே லட்சுமி பூஜை நாளுக்குத்தான் லீவு. எக்ஸ்பைரி நாளில் விடுமுறை வந்தால் அதற்கு முந்தின வர்த்தக நாளுக்கு எக்ஸ்பைரி போகும். 2025-இல் இரண்டும் சேர்ந்தே வந்தன: அக்டோபர் 21 செவ்வாய் விடுமுறை என்பதால் நிஃப்டி எக்ஸ்பைரி 20-ஆம் தேதி திங்களுக்கு வந்தது, அன்றுதான் நம் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவர்களுக்கு ஆப்ஷனில் ஒரு நாள் குறைந்திருந்தது. வருடத் தொடக்கத்தில் எக்ஸ்சேஞ்ச் வெளியிடும் பட்டியலைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

உண்மையில் யாராவது சம்பாதிக்கிறார்களா?

சிலர். 2024-25 நிதியாண்டில் ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸில் (எஃப் அண்ட் ஓ) இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்கிறது செபியின் ஆய்வு. மொத்த நிகர நஷ்டம் 1,05,603 கோடி, முந்தைய ஆண்டைவிட 41 சதவீதம் அதிகம். மாதம் இவ்வளவு வரும் என்று வீட்டுச் செலவைக் கணக்குப் போட்டு வேலையை விடுபவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. ஒரே ஒரு லாட், ஸ்ப்ரெட், ஒவ்வொரு ட்ரேடுக்கும் கட்டணத்தோடு எழுதிய கணக்கு என்று ஆறு மாதம் போய்ப் பாருங்கள். அதற்கு முன் லாட்டை ஏற்ற வேண்டாம்.

வருமான வரியில் எப்படிக் காட்டுவது?

எஃப் அண்ட் ஓ லாபமும் நஷ்டமும் வியாபார வருமானம், ஊகவணிகம் அல்லாத வகை. சம்பளக்காரராக இருந்தாலும் ஐ.டி.ஆர்.-1 போதாது, ஐ.டி.ஆர்.-3 தாக்கல் செய்ய வேண்டும். நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டின் வட்டி, வாடகை போன்றவற்றில் கழிக்கலாம். மிச்சத்தை எட்டு ஆண்டு வரை வரும் வியாபார வருமானத்தில் கழிக்கக் கொண்டுபோகலாம், ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால் மட்டும். "நஷ்டம்தானே, எதற்குக் காட்ட வேண்டும்" என்று விடுபவர்கள் அந்தச் சலுகையையும் இழக்கிறார்கள், புரோக்கர் வழியாகத் துறைக்குப் போயிருக்கும் தகவலுக்கு நோட்டீஸும் வாங்குகிறார்கள். புரோக்கரின் டாக்ஸ் பி.அண்ட்.எல். அறிக்கையை ஏப்ரலிலேயே இறக்கி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.